மூன்று புள்ளிகள்

வணக்கம் நேயர்களே… மன்னிக்கவும், வாசகர்களே! ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து பழகிப்போனதில், பேனாவைப் பிடித்தாலும் முதலில் அந்தச் சொல்தான் வருகிறது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, சிலிபினில் பெரியம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் நானும் அவரும் ஒரு புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தோம். மூன்று மில்லிமீட்டர் அகலம். தங்க நிறம். யாருடைய கல்யாணப் பத்திரிகையிலிருந்தோ பஞ்ச் பண்ணி எடுத்தது. மேலே விசிறி சுற்றியதும் பறந்துவிட்டது. "வெளக்குமாத்த கொண்டா" என்றார் பெரியம்மா. "கொண்டு வந்தா கூட்டித் தள்ளிருவீங்க பெரியம்மா" என்றேன். எழுபது வயதைத் தாண்டிய அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையைத் தடவி, கடைசியில் அதை நாற்காலிக் காலுக்குப் பின்னால் கண்டுபிடித்தார்.

அது 'வாழ்த்துகள்' என்ற சொல்லில் கடைசி எழுத்தின் புள்ளி.

கையால் வாழ்த்து அட்டை செய்யும் பழக்கம் எனக்கு 2020இல் தொடங்கியது. அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பர் 14ஆம் தேதி வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும், நடமாட்டக் கட்டுப்பாடு இருந்ததால் கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு வர முடியவில்லை. திறந்த இல்ல உபசரிப்பும் இல்லை. அம்மா இறந்த பிறகு எனக்கு ஊர் என்றால் பெரியம்மா வீடுதான். அன்று காலை வானொலியில் நூற்றுக்கணக்கான பேருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, மாலையில் வாடகை அறையில் மேகி மீ கிண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தானியப் பெட்டி அட்டையை வெட்டி, பட்டுச் சேலை வந்த பெட்டியின் தங்கத்தாளை ஒட்டி, பெரியம்மாவுக்கு ஒன்று செய்தேன். கோணல்மாணலாக இருந்தது. தபாலில் போட்டேன். அது இன்னமும் அவர் சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, திருநீறு படிந்து.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்தது. முந்நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து, கையால் சுற்றும் வெட்டு மிஷின் ஒன்று வாங்கினேன். டை என்பது வேறொன்றுமில்லை, தீபாவளி பிஸ்கட் வெட்டும் அச்சைப் போலத்தான். ஆனால் தகடு தாளைப் போல மெல்லியது. அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதன் மேல் தாள், தாளின் மேல் டையின் கூர்ப்பக்கம் கீழ் நோக்கி, அதற்கும் மேல் இன்னொரு தட்டு. இந்த நான்கையும் சேர்த்து இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், பட்டாம்பூச்சியோ இலையோ வெட்டுப்பட்டு வரும். ஒரே தட்டையே திரும்பத் திரும்ப ஒரே பக்கமாக விட்டால் அது வளைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் புரட்டிப் போட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு தட்டுகளை வீணாக்கிய பிறகுதான் தெரிந்தது.

அதைச் சிலிபினுக்குக் கொண்டு வந்து முதன்முதலாகச் சுற்றிக் காட்டியபோது பெரியம்மா சிரித்துவிட்டார். "இது பால்கட்டிய ஷீட்டா உருட்டுற மிஷினாச்சே பாப்பா!"

அவர் சொன்னது அச்சு அசலாக உண்மை. உறைந்த ரப்பர்ப் பாலை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுச் சுற்றிச் சுற்றித் தட்டையாக்குவார்கள். கடைசியாக வரிகள் செதுக்கிய உருளையில் விடுவார்கள். ஷீட்டின் மேல் வரி விழும். அதனால் சீக்கிரம் காயும், அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டாது. அட்டையில் மேடுபள்ளமாகப் பூ வேலை எழுப்புவதற்கு என்னிடம் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. பெரியம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் துண்டுதுண்டாக விற்கப்பட்ட பிறகுதான் குடும்பம் சிலிபினுக்கு வந்தது. பட்டறைகளும் லோரிகளும், லூர்து மாதா கோயிலும், தூரத்தில் சுண்ணாம்பு மலைகளுமாக இருக்கும் இந்த இடத்தில் அவர் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தாலும், விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு வருவது மட்டும் நிற்கவில்லை.

சிக்கல் டையில் இல்லை, தமிழில் இருந்தது.

நான் வாங்கிய டைகளில் பனித்துகள் இருந்தது, கிறிஸ்துமஸ் மரம் இருந்தது, முட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் முயல்கூட இருந்தது. குத்துவிளக்கு இல்லை. சரி, பனித்துகளுக்கு ஆறு கை. வண்ணத்தாளில் ஏழெட்டு வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாகத் திருப்பி ஒட்டினால் வாசல் கோலம்போல ஆகிவிடும். அதைச் சமாளித்துவிட்டேன். ஆனால் வாழ்த்து? ஆங்கிலத்தில் 'ஹேப்பி பர்த்டே' என்பதைக் கூட்டெழுத்தில், ஒவ்வோர் எழுத்தும் அடுத்ததன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்படி டை செய்கிறார்கள். ஒரே சுற்றில் ஒரே துண்டாக வந்துவிடும். எடுத்து ஒட்ட வேண்டியதுதான். நம் எழுத்துகள் அப்படிக் கைகோத்து நிற்பவை அல்ல. 'வா' என்ற ஓரெழுத்தே இரண்டு துண்டு: வகரம் ஒன்று, கால் ஒன்று. வகரத்தின் வயிற்றுச் சுழியை வெட்டினால் உள்வட்டம் தனியாக விழுந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல் புள்ளி. ழகரத்தின் தலையில் ஒன்று, தகரத்தின் தலையில் ஒன்று, ளகரத்தின் தலையில் ஒன்று. எதனோடும் ஒட்டாமல் அந்தரத்தில் நிற்பவை. ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்து, பசை தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைக்க வேண்டும்.

'வாழ்த்துகள்' சரியா, 'வாழ்த்துக்கள்' சரியா என்று வானொலி நிலையத்தில் மாதம் ஒரு தடவையாவது சண்டை வரும். நேயர்கள் அழைத்துத் திட்டுவார்கள். இலக்கணக் காரணங்கள் பெரியவர்களிடம் இருக்கட்டும். அட்டை வெட்டுகிறவளாக நான் 'வாழ்த்துகள்' கட்சி. ஒரு புள்ளி மிச்சம்! பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, "'க்'க போட்டா தோட்டத்துக் கள்ளுக்கட ஞாபகம் வருது, வேணாம்" என்றார். அவருடையதும் ஒரு காரணம்தானே.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். அச்சடித்து விற்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843இல் லண்டனில் வந்தது. ஹென்றி கோல் என்பவர் ஏற்பாடு செய்தார், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியர் வரைந்தார். ஆயிரம் பிரதி, ஒன்று ஒரு ஷில்லிங். மூன்றாண்டுக்கு முன்புதான் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் தபால் முறை வந்திருந்தது. அதைக் கொண்டுவருவதில் கோலும் வேலை செய்தவர். எல்லாரும் எல்லாருக்கும் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள், பதில் எழுத மனிதருக்கு நேரம் இல்லை. எனவே வாழ்த்தை அச்சடித்துவிட்டார். ஆக, கடையில் வாங்கும் வாழ்த்து அட்டை பிறந்ததே நேரத்தை மிச்சப்படுத்தத்தான். படித்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. என் தொழிலும் அதுதானே. "சிரம்பானிலிருந்து அம்மா அப்பா, தாத்தா பாட்டி வாழ்த்துகிறார்கள்" என்று ஒரு பெயருக்கு மூன்று விநாடி. அடுத்த பெயர். அடுத்த பாட்டு.

பெரியம்மாவுக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன். ஜோகூர் பாருவில் இருந்துகொண்டு தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். 2020 தீபாவளிக்கு யாருமே வர முடியவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து எல்லாரும் வந்தார்கள், அவர் வரவில்லை. பெரியப்பா காலமான பிறகு இந்த வீட்டை விற்பதா வேண்டாமா என்று தொலைபேசியில் ஆரம்பித்த பேச்சு ஏடாகூடமாகிவிட்டது. யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எனக்கும் சரியாகத் தெரியாது. இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேத்தி மட்டும் வீடியோவில் அழைப்பாள். பெரியம்மா அவளிடம் "அப்பா சாப்ட்டாரா?" என்று கேட்பார். அவள் "சாப்ட்டாரு பாட்டி" என்பாள். அவ்வளவுதான்.

அண்ணன் பிறந்தநாள் வந்தது. "நான் ரேடியோவுல வாழ்த்துச் சொல்லட்டுமா, பெரியம்மா? நீங்க சொல்றதா சொல்றேன்" என்றேன். பெரியம்மா முகம் மாறிவிட்டது. "எங்க வீட்டு விசயம் மலேசியா பூரா கேக்கணுமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அந்த அட்ட செய்ய எவ்ளோ நேரம் ஆகும்?"

வெளியில் வாழ்த்து வெட்டி ஒட்டுவது, உள்ளே அவன் பெயருக்கு ஒரு முத்திரை செய்வது என்று முடிவாயிற்று. முத்திரைக்கு, அதாவது ஸ்டாம்புக்கு, தமிழ் ரொம்பத் தோதானது. ஒரே கட்டையில் செதுக்குவதால் புள்ளி எங்கும் ஓடிவிடாது. கடையில் விற்கும் கண்ணாடிபோன்ற ஸ்டாம்புகளில் ரப்பரே இல்லை, அது வேறு பொருள். சிவப்பு நிறத்தில் வருவதில்தான் உண்மையான ரப்பர். நாங்களோ பள்ளிக்கூட அழிரப்பரில் செதுக்கினோம். பெயர்தான் அழிரப்பர், இப்போது வருவதில் பெரும்பாலும் பிளாஸ்டிக். ரப்பர் விளைந்த பேராவில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல எனக்குச் சிரிப்பு வருகிறது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளில் ஒன்பதை நட்டது இங்கே பக்கத்தில் கோலகங்சாரில்தானே. பேராவின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அங்கே நட்டார். அதில் ஒரு கிழ மரம் இன்னும் நிற்கிறது.

செய்ய நினைப்பவர்களுக்கு: மெல்லிய வெண்ணெய்த் தாளில் 2பி பென்சிலால் அழுத்தி எழுதுங்கள். எழுதிய பக்கத்தை அழிரப்பரின் மேல் கவிழ்த்து, நகத்தால் தேயுங்கள். எழுத்து அழிரப்பரில் இடவலம் மாறி ஒட்டிக்கொள்ளும். அதைச் சுற்றியுள்ள இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, மையில் ஒற்றித் தாளில் வைத்தால் எழுத்து நேராக விழும். நேராகவே வரைந்து செதுக்கினால், விழுவது கண்ணாடியில் பார்த்த தமிழ். என் முதல் ஸ்டாம்ப் அப்படித்தான் ஆனது.

என் கையில் வெட்டுக்கத்தி வழுக்கியது. ககரத்தின் வயிறு கிழிந்தது. இரண்டாவது அழிரப்பரும் போனது. பெரியம்மா பொறுக்காமல், "கொடு இப்டி" என்று வாங்கிக்கொண்டார். நான் வாயடைத்துப் பார்த்தேன். அவர் கத்தியை அசைக்கவே இல்லை. கத்தி ஓரிடத்தில் நிற்க, இடது கையால் அழிரப்பரைத்தான் மெல்லத் திருப்பினார். சுருள் சுருளாக, நூல்போல, ஒரே கனத்தில் சீவல் விழுந்தது.

"ஆழமா போவாத பாப்பா. பட்டையத்தான் சீவணும், உள்ள மரத்தத் தொடக் கூடாது. தொட்டா காயம் பட்டு முடிச்சு விழுந்துரும், அப்புறம் அந்த எடத்துல உளி ஓடாது."

பால்மரத்தில் ஒரு நாள் வெட்டுக்குச் சீவும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பால் ஓடும் குழாய்கள் பட்டைக்குள்ளேயே, மரத்துக்கு மிக அருகில் இருக்கின்றன. அதுவரை போக வேண்டும், அதைத் தாண்டக் கூடாது. பழைய நாளில் மரத்தைக் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். மரத்தைக் கெடுக்காமல் மெல்லச் சீவி எடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைவர் ரிட்லி செய்து காட்டினார் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அந்த முறையை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடிக்கு நடுவே, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரத்தில் செய்து காட்டியவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். ஊடகப் படிப்பில் மூன்றாண்டு உட்கார்ந்த எனக்கு, பெரியம்மாவின் கைக்கு இப்படி ஒரு கல்வி இருப்பது அன்றுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

என்ன எழுதுவது? அண்ணனின் முழுப்பெயரை நான் வரைந்து கொடுத்தேன். அவர் அதை ஒதுக்கிவிட்டு, பென்சிலை வாங்கித் தானே 'கண்ணா' என்று எழுதினார். எழுதிய விதத்தைப் பார்த்து, "ணா தப்பா இருக்கு பெரியம்மா" என்றேன்.

"என்ன தப்பு?"

கால் இல்லை. ணகரத்தின் வாலையே சுழித்துக் கீழே இறக்கி, ஒரே எழுத்தாக முடித்திருந்தார். பழைய ணா! அந்த வடிவத்தை எத்தனை காலமாகிவிட்டது பார்த்து. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ணா, றா, னா போன்றவற்றின் பழைய வடிவங்கள் போய் எல்லாவற்றுக்கும் தனிக் கால் வந்தது. பிறகு நம் நாட்டுப் பாடநூல்களும் மாறின. பெரியம்மா தோட்டப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தது அதற்கு வெகு முன்னால். அதன் பிறகு அவர் எழுதியதெல்லாம் கடைக் கணக்கும், அண்ணன் விடுதியில் தங்கிப் படித்தபோது போட்ட கடிதங்களும்தான்.

"கால் போட்டு எழுதினா அவனுக்கு யார் எழுதினதுன்னு தெரியாது" என்றார்.

அதற்கு மேல் நான் திருத்தம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பழைய ணா ஒரே துண்டு. டை வெட்டுகிறவர்களின் கண்ணில் அது எவ்வளவு நல்ல எழுத்து தெரியுமா!

அட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ4 அளவில் கெட்டித் தாளை இரண்டாக வெட்டி, ஒன்றை மடித்தால் ஓர் அட்டை. மடிக்கும் முன், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கோடு இழுத்துக்கொண்டால் மடிப்பு விரியாது, வெடிக்காது. அழகுத்தாளுக்கு நான் காசு செலவழிப்பதில்லை. நம் வீடுகளில் குவியும் கல்யாணப் பத்திரிகைகளைப் போல நல்ல தாள் எந்தக் கடையிலும் கிடைக்காது. பிள்ளையார் இருக்கும் பக்கத்தை மட்டும் பெரியம்மா வெட்ட விடமாட்டார். வெள்ளைப் பசை மெல்லிய தாளைச் சுருக்கிவிடும். இருபக்க ஒட்டுநாடா நல்லது. ஈப்போவில் மதியம் மழை வந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள், ஈரத்தில் அட்டை வளையும். எழுத்துகளை எழுப்பிக் காட்ட ஸ்பாஞ்சு நாடா வைத்து ஒட்டினால் உறை தடித்துவிடும், சாதாரணத் தபால் தலை போதாது. எங்கள் உறை அப்படித்தான் ஆயிற்று. தபால் நிலையத்து முகப்பில் இருந்த பெண் உறையை விரலால் அழுத்திப் பார்த்தார். பெரியம்மா பதறி, "அமுக்காதம்மா, புள்ளி இருக்கு!" என்று தமிழிலேயே சொன்னார். அந்த மலாய்க்காரப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, மெதுவாக முத்திரை குத்தி, தனியாக எடுத்து வைத்தார்.

ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு வாரம் ஆயிற்று. அழைப்பு வரவில்லை. பெரியம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் மேசை சும்மா இருப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா, அவர் மகள், எதிர்வீட்டு லூர்து மேரி டீச்சர் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. தீபாவளிக்கு நாற்பது அட்டை, டீச்சருக்குக் கிறிஸ்துமஸுக்கு இருபது. என் பனித்துகள் டைக்கு ஒருவழியாக நியாயமான வேலை கிடைத்தது.

மூன்றாவது வாரம் நான் ரயிலில் வந்துகொண்டிருந்தபோது கைப்பேசியில் அண்ணனின் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். அட்டையின் படம். முன்பக்கம் ஒன்று, திறந்தது ஒன்று. எழுத்து எதுவும் போடவில்லை. 'கண்ணா' இருந்த பக்கத்தை மட்டும் ரொம்பக் கிட்டத்தில் எடுத்திருந்தார். மையில் பெரியம்மாவின் கத்தித் தடம் தெரிகிற அளவுக்கு.

வீட்டுக்கு வந்ததும் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கைப்பேசியை எட்டத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, வெகு நேரம் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். விரலால் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். இன்னும் பெரிதாக்கச் சொன்னார்.

"பாரு, நான் சொல்லல? கடைசி எழுத்துப் புள்ளி விழுந்துருச்சு."

ஆமாம், ளகரத்தின் தலை வெறுமையாக இருந்தது.

பெரியம்மா எழுந்து போய், தங்கப் புள்ளிகள் போட்டு வைத்திருக்கும் பழைய கோடாலி தைலப் புட்டியைக் கொண்டு வந்தார். "தீபாவளி அட்ட போடறப்ப உள்ள நாலஞ்சு புள்ளிய தனியா மடிச்சு வையி. அவன் ஒட்டிக்குவான்."